தலைமுடி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்து அழகு நிலையங்களிலும் முடிதிருத்தகங்களிலும் சவுரிக் கடைகளிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டால் மற்றவை சுலபம். வேறு பதிலைப் பார்க்க வேண்டிய இடங்களில் அதன் எண்ணைச் சொல்லியிருக்கிறோம்.

1. முடிக்கு உயிர் இருக்கா, இல்லையா? வெட்டினா வலிக்கல, ஆனா வளருதே?

தோலுக்கு மேலே தெரிகிற முடியில் உயிர் கிடையாது. உயிர் இருப்பது தோலுக்குள், சில மி.மீ. ஆழத்தில் இருக்கும் வேர்க்குமிழில். அங்கே செல்கள் ஓயாமல் பெருகி, மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் என்ற புரதம் நிரம்பி இறுகி, செத்த பிறகுதான் முடியாக வெளியே வருகின்றன. நரம்பும் ரத்தமும் குமிழோடு நின்றுவிடும். அதனால்தான் இழுத்தால் வலிக்கிறது, வெட்டினால் வலிப்பதில்லை.

ஆகவே வெளியே வந்துவிட்ட முடிக்கு ஊட்டம் கொடுக்க வழியில்லை. சாப்பாடும் மருந்தும் குமிழுக்குப் போய், இனி வரப்போகிற முடியைத்தான் மாற்றும். வந்த முடியைக் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். கெட்டால் அது தோல்காயம் போலத் தானாக ஆறாது. பாட்டிலில் ‘முடிக்கு உணவு’ என்று போட்டிருந்தால், அது விற்பதற்காகப் போட்டது.

2. ஒத்த முடிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

மூன்று பகுதிகள். வெளியே செதில் உறை, அதற்குள் கார்டெக்ஸ் எனப்படும் புறணி, நட்டநடுவில் மெடுல்லா. தலைமுடியின் குறுக்களவு பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான், அதாவது 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. மெல்லிய முடியில் மெடுல்லா இல்லாமலே இருக்கும். இருந்தாலும் பலத்துக்கு அதனால் பெரிய பங்கில்லை.

செதில் ஒவ்வொன்றும் அரை மைக்ரான் தடிமன்தான். ஐந்து முதல் பத்து அடுக்கு வரை, கூரையில் நாட்டு ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். திறந்த விளிம்பு எப்போதும் முடியின் நுனியைப் பார்த்திருக்கும். செதிலின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கிறது. புது முடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது அதனால்தான். இந்தப் படலம் ஒருமுறை போனால் மீண்டும் வராது. முடியின் எடையில் பெரும்பங்கு புறணிதான். நீளவாக்கில் ஓடும் கெரட்டின் நார்கள், நிறம் தரும் மெலனின் துகள்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நார்களைக் கட்டிப்போடும் பிணைப்புகளில் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள்: தண்ணீர் பட்டாலே விட்டு, காய்ந்தால் திரும்பக் கூடும் ஹைட்ரஜன் பிணைப்பு, ரசாயனம் போட்டால்தான் விடும் கந்தகப் பிணைப்பு. முடி கருகும்போது வரும் வாடை அந்தக் கந்தகத்தால்தான்.

செதிலின் திசையை விரலாலேயே பார்க்கலாம். உதிர்ந்த நீள முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்து போகும். முன்னால் போகிற முனைதான் வேர்ப்பக்கம். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரப்பாகவும், வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழவழப்பாகவும் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

3. எனக்கு மட்டும் இடுப்புக்குக் கீழ வளரவே மாட்டேங்குது, ஏன்?

முடி நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.35 மி.மீ. வளரும். மாதத்துக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று மேல், வருடத்துக்குச் சுமார் 12 முதல் 15 செ.மீ. ஒவ்வொரு வேரும் இரண்டு முதல் ஆறு வருடம் வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கி, மூன்று மாதம்போல ஓய்ந்து, பழைய முடியை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். வளரும் காலம் நான்கு வருடம் என்றால் 50, 60 செ.மீ.; ஆறு வருடம் என்றால் 90 செ.மீ. வரை போகலாம். இது பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது.

ஆனால் வளர்ச்சி நிற்காமலேயே நீளம் நிற்பதும் உண்டு. மேலே வளர்கிற அளவுக்குக் கீழே ஒடிந்துகொண்டிருந்தால் அளவு அப்படியே இருக்கும். சீப்பில் சிக்கியதை வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளை உருண்டை இருந்தால் ஆயுள் முடிந்து உதிர்ந்த முடி. இரண்டு முனையிலும் உருண்டை இல்லாத குட்டைத் துண்டுகள் நிறைய இருந்தால் ஒடிகிறது என்று பொருள். 6, 7 கேள்விகளைப் பாருங்கள்.

4. வெள்ளையா வேரோட வருதுங்க. வேரே போயிடுச்சா, இனிமே முளைக்காதா?

முளைக்கும். அந்த வெள்ளை உருண்டை வேர் அல்ல, ஓய்வுக் காலத்தில் இறுகிப்போன முடியின் அடிமுனை. வேர்க்குமிழ் தோலுக்குள்ளேயே இருக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருப்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 உதிர்வது இயல்பு. வாரம் இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு மூன்று நான்கு நாள் கணக்கு ஒரே நாளில் வரும். கொத்தாகத் தெரிவது அதனால்.

கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் திடீரென்று அதிகம் கொட்டும். பல வேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதே காரணம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டாலோ, வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தோல் சிவந்து செதில் உரிந்தாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய் மாற்றிப் பார்த்து நாளைக் கடத்துவது வீண்.

5. வைத்தீஸ்வரன்கோயில்ல மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்ங்கிறாங்களே? நரையைப் பிடுங்கினா பத்தா வரும்ங்கிறதும் நெசமா?

வேண்டுதல் வேறு, அடர்த்தி வேறு. வேர்களின் எண்ணிக்கை பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட விஷயம். கத்தி தோலுக்கு மேலேதான் வேலை செய்கிறது. மழித்த முடி மொட்டையான முனையோடு, எல்லாம் ஒரே உயரத்தில் வருவதால் கைக்குத் தடிப்பாகத் தெரியும். குழந்தைகளுக்கு முதலில் இருக்கும் பூமுடி எப்படியும் உதிர்ந்து, கனமான முடி வரத்தான் போகிறது. மொட்டை போடுவதும் அந்த வயதில்தான் என்பதால் பெயர் மொட்டைக்குப் போய்விட்டது.

நரை விஷயமும் பொய். குமிழில் மெலனின் தயாரிக்கும் செல்கள் ஓய்ந்தால் அந்த ஒரு வேரின் முடி வெளுக்கும். பிடுங்கினால் பக்கத்து வேருக்கு எதுவும் ஆகாது. அடிக்கடி பிடுங்கினால் அந்த வேர்தான் கெடும்.

6. முடி ரொம்ப பலம்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் ஒடியுது? ஈரத்தலையைச் சீவலாமா?

நல்ல முடி ஒன்று 60 முதல் 100 கிராம் வரை தாங்கும். உலர்ந்த முடியை மூன்றில் ஒரு பங்கு வரை இழுத்து நீட்டலாம். நனைந்தது பாதியளவுகூட நீளும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நனைந்த முடியில் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போயிருக்கும். குறைந்த இழுப்புக்கே நீண்டு, செதில் தூக்கி, பழைய நிலைக்குத் திரும்பாமல் தேங்கிவிடும். செதில்கள் ஒன்றோடொன்று உரசுவதும் ஈரத்தில் அதிகம். சிக்கில் சீப்பை மேலிருந்து இழுத்தால் அத்தனை பாரமும் ஒரு முடிச்சில் உள்ள நாலைந்து முடிமேல் விழும்.

ஆகவே துண்டால் தேய்க்காமல் ஈரிழைத் துண்டைச் சுற்றி ஒற்றி எடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து நாலு விரற்கடை, பிறகு இன்னும் நாலு விரற்கடை என்று மேலே ஏறுங்கள். முடி சுருட்டையாக இருப்பவர்களுக்கு மட்டும் இது மாறும்: காய்ந்தபின் சீவினால்தான் அதிகம் ஒடியும், ஈரத்தில் கண்டிஷனர் வைத்துச் சிக்கெடுப்பதே நல்லது. ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு மணிக்கணக்கில் விடுவது எல்லோருக்குமே கெடுதல். வாடை வரும், முடித்தண்டில் பூஞ்சை பிடித்து வெள்ளை மணி மணியாக ஒட்டிக்கொள்வதும் உண்டு.

7. பரதநாட்டியம் கத்துக்கிற பொண்ணுக்கு நெத்தி ஏறிக்கிட்டே போகுது, என்ன காரணம்?

முடி அறுவதற்கு முன் வேர் தளர்கிறது. இழுத்துக் கட்டிய ஜடையும் அதன்மேல் சவுரி, குஞ்சலம், பூவின் பாரமும் நெற்றி ஓரத்தையும் காதுக்கு மேலுள்ள முடியையும்தான் பிடித்து இழுக்கும். கட்டிய பிறகு அந்த இடம் வலித்தாலோ, வேரைச் சுற்றிச் சிறு கொப்புளம் வந்தாலோ இறுக்கம் அதிகம். பயிற்சி நாட்களில் சவுரி இல்லாத தளர்ந்த பின்னல் போதும். முழு அலங்காரம் மேடைக்கு மட்டும். ஆரம்பத்திலேயே இறுக்கிக் கட்டுவதை விட்டால் முடி திரும்பும். வருடக்கணக்கில் இழுத்தால் வேரே வடுவாகி நிரந்தர வழுக்கையாகிவிடும்.

8. போர் தண்ணியில குளிச்சா சொரசொரன்னு ஆகுது. ஆத்துத் தண்ணியில அப்படி இல்லையே?

டெல்டாவில் அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பிசுக்காகிச் செதில் விளிம்புகளில் படிந்துவிடும். ஷாம்பு அப்படிப் பிசுக்காகாது. ஆனாலும் முடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது என்பதால் கால்சியம் நேராகவே வந்து ஒட்டும். சாயமோ, முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங்கோ செய்த முடியில் இன்னும் அதிகமாக ஒட்டும். மேட்டூரிலிருந்து ஓடிவரும் காவிரித் தண்ணீரில் இந்த உப்புகள் பொதுவாகக் குறைவு.

உங்கள் தண்ணீர் எந்த வகை என்று முதலில் பாருங்கள். சோப்பு நுரைக்காமல், பாத்திரத்தில் வெள்ளைப் பூச்சுப் படிந்தால் கடினநீர். கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் தங்கியதை விட்டு மேலே தெளிந்ததை எடுத்தால் ஒரு பங்கு கடினத்தன்மை போகும், முழுவதும் போகாது. வாயில் வைத்தால் உப்புக் கரித்தால், வேதாரண்யம், நாகை பக்கம் பல கிணறுகளில் வருகிற உவர்நீர் அது. அதைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி உப்புதான் கூடும். வாளியில் காவி படிந்தால் இரும்பு இருக்கிறது.

எந்த வகையாக இருந்தாலும் கடைசியாக அலசும் இரண்டு மக் தண்ணீர் மட்டும் மழைநீராகவோ குடிதண்ணீராகவோ இருந்தால் வித்தியாசம் கைக்கே தெரியும். கடினநீர்ப் படிவுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள். வாரம் ஒரு முறை போதும். எலுமிச்சையை நேராகத் தலையில் தேய்த்தால் தோல் எரியும், புண் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

9. சீயக்காய், அரப்பு, சோப்பு, ஷாம்பு – இதுல எது?

சோப்பு வேண்டாம். அதன் பி.எச். (புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு) 9, 10 இருக்கும். அந்தக் காரத்தில் முடி உப்பி, செதில் தூக்கி, உரசல் கூடுகிறது. கடினநீரில் என்ன ஆகும் என்பதை 8-இல் பார்த்தோம். சீயக்காயில் நுரைப்பது சபோனின். அதன் கரைசல் லேசான புளிப்புத்தன்மை உள்ளது என்பதால் செதில் படிந்து கிடக்கும். குறை எங்கே என்றால் அரைப்பில்: சலிக்காத பொடியின் திப்பி செதிலைச் சுரண்டும். மெல்லிய துணியில் சலித்து, வடிகஞ்சியில் குழைத்துப் போடுகிற பழக்கம் நல்ல பழக்கம்; கஞ்சியின் மாவுச்சத்து எண்ணெயையும் இழுத்துக்கொள்ளும், முடிமேல் பூச்சாகவும் நிற்கும். நன்றாக அலசாவிட்டால் காய்ந்தபின் மாவு உதிரும். அரப்பும் சபோனின் வகைதான். ஷாம்பு போடுவதில் தப்பில்லை, போட்டபின் கண்டிஷனர் போடாமல் விடுவதுதான் தப்பு. கண்டிஷனர் நேர்மின் தன்மை கொண்டது. எங்கே செதில் அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கே அதிகம் ஒட்டும். தலைத்தோலுக்கு அது தேவையில்லை, காதுக்குக் கீழே மட்டும் தடவுங்கள்.

10. தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா?

முடிக்குள் போவது தேங்காய் எண்ணெய். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் புறணி வரை புகும். 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிக்கும்போது முடியிலிருந்து கரைந்துபோகும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். நல்லெண்ணெயின் கொழுப்பமிலங்கள் நீளமானவை, பெரும்பாலும் மேலேயே நிற்கும். உரசலைக் குறைக்கும், அதுவும் பயன்தான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை யாரும் விட வேண்டியதில்லை.

இடுப்பு வரை முடிக்கு 10 முதல் 15 மி.லி. தாராளம். குளித்தபின் தடவுவதைவிட, குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்போ முந்தின இரவோ தடவுவதே புரதத்தைக் காக்கும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வைக்காதீர்கள். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெயே உணவு. எந்த எண்ணெயும் வேரில் புதிய முடியை முளைக்க வைக்காது.

11. ஐப்பசி, கார்த்திகையில முடி புஸ்ஸுன்னு நிக்குதே? அயர்ன் பண்ணினாலும் சாயங்காலத்துக்குள்ள போயிடுது.

காற்றிலுள்ள ஈரத்தை முடி உறிஞ்சுகிறது. முழுக்க நனைந்தால் தன் எடையில் 30 சதவீதம் வரை தண்ணீர் பிடிக்கும். குறுக்களவு சுமார் 15 சதவீதம் பெருக்கும், நீளம் இரண்டு சதவீதம் கூடும். நீளம் கூடுவது இவ்வளவு ஒழுங்காக நடப்பதால், 1783-இல் ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற அறிஞர் காற்றின் ஈரத்தை அளக்க முடியை வைத்தே கருவி செய்தார்.

அயர்ன் செய்வது ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் புது வடிவத்தில் நிறுத்துகிறது (2-ஐப் பாருங்கள்). வடகிழக்குப் பருவமழைக் காற்று பட்டால் அது கலைந்து பழைய வளைவு திரும்பும். நன்றாகக் காய்ந்த முடியில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் அல்லது சீரம் தடவிப் பின்னிவிடுவதுதான் அந்த மாதங்களில் நிற்கும். ஈரம் இருக்கும்போது அயர்ன் வைக்கவே கூடாது: உள்ளே தண்ணீர் ஆவியாகி முடித்தண்டில் குமிழி வைத்துவிடும், பிறகு அந்த இடத்தில் ஒடியும். காய்ந்த முடிக்கும் 180 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

12. நுனி மட்டும் செம்பட்டையா இருக்கு, ரெண்டா பிளக்குது.

மாதத்துக்கு 1.25 செ.மீ. என்று வைத்தால் 60 செ.மீ. முடியின் நுனிக்கு வயது நான்கு. நான்கு வருட வெயில், சீப்பு, தண்ணீர் எல்லாம் பட்ட பகுதி அது. வெயில் மெலனினை வெளுக்கச் செய்து கந்தகப் பிணைப்பையும் உடைக்கிறது. செதில் முழுக்கத் தேய்ந்ததும் புறணி நார்கள் பிரிகின்றன. பிளந்ததை ஒட்டவைக்க வழியில்லை. பிளவுக்கு மேல் ஒரு செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி நசுக்கிப் புதுப் பிளவை உண்டாக்கும்.

13. தண்ணி டம்ளர்ல முடியைப் போட்டு, முங்கினா கெட்டுப்போச்சுன்னு வீடியோவில காட்றாங்களே?

நம்பாதீர்கள். எண்ணெய் ஒட்டியிருந்தால் மிதக்கும், தண்ணீரில் ஷாம்பு கலந்திருந்தால் முங்கும். முடியின் நிலையை அது சொல்லாது. உபயோகமான சோதனை வேறு: நனைந்த முடி ஒன்றை 10 செ.மீ. பிடித்து மெல்ல 13 செ.மீ. வரை இழுத்து விடுங்கள். திரும்பச் சுருங்கினால் சரி. இழுத்த இடத்திலேயே நின்றாலோ, பிசினாக நீண்டு அறுந்தாலோ கந்தகப் பிணைப்பு கெட்டிருக்கிறது. அந்த முடிக்கு ரசாயன வேலை எதுவும் செய்யக் கூடாது.

14. ஸ்மூத்தனிங்கும் கெரட்டினும் ஒண்ணுதானா?

இல்லை. ஸ்மூத்தனிங்கில் தயோகிளைகோலேட் போன்ற கிரீம், பி.எச். 9-ஐ ஒட்டிய காரத்தில், கந்தகப் பிணைப்பை உடைக்கும். நேராக்கியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு அதைப் புது இடத்தில் கோக்கும். கிரீம் அதிக நேரம் நின்றாலோ, ஏற்கெனவே செய்த பகுதியில் மறுபடி பட்டாலோ 13-இல் சொன்ன பிசின் நிலைதான். ‘இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும்’ என்று கேட்டு வாங்காதீர்கள். வளரும் புது முடி பழைய வளைவோடுதான் வரும்.

‘கெரட்டின்’ என்று விற்பது பெரும்பாலும் மேற்பூச்சு. சில மாதத்தில் கழுவிப் போகும். சில வகைகளில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். கண்ணில் நீர் கொட்டினால் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, எழுந்துவிடுங்கள்.

15. மருதாணி போட்ட தலையில டை அடிக்கலாமா?

வெறும் மருதாணி இலை என்றால் பெரிய தொல்லை இல்லை. அதன் லாசோன் என்ற சாயம் கெரட்டினோடு ஒட்டும். நரைமீது ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரியும், கருப்பு வேண்டுமென்றால் பிறகு அவுரிப்பொடி போட வேண்டும். பாக்கெட்டில் உலோக உப்பு கலந்திருந்தால்தான் ஆபத்து: டையின் பெராக்சைடோடு சேர்ந்து சூடேறி முடி அறுந்துவிடும். சந்தேகம் இருந்தால் வெட்டிய சிறு கற்றையை 6 சதவீதப் பெராக்சைடு 20 பங்கு, அம்மோனியா ஒரு பங்கு கலந்த கண்ணாடிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் போடுங்கள். சூடானாலோ, நுரைத்தாலோ, நிறம் சட்டென்று மாறினாலோ டை வேண்டாம். ‘கருப்பு மருதாணி’ என்றால் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயம் இருக்கும். காதுக்குப் பின்னால் துளி தடவி, ஒவ்வாமை வருகிறதா என்று 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்கு.

16. காசு கொடுத்து வாங்கின சவுரி ரெண்டே மாசத்துல சிக்காகிப் போச்சு. அசல் முடின்னுதானே சொன்னாங்க?

அசல் முடியாகவே இருக்கலாம். மொட்டையடிக்கும் முன் கட்டிப்போட்டு எடுத்த முடியில் வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசை. செதில்களும் ஒரே திசை. தெருவில் பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளும் சிக்குமுடியில் வேரும் நுனியும் கலந்துகிடக்கும். எதிரெதிர்ச் செதில்கள் கொக்கி போட்டுக்கொள்ளும் என்பதால், அதை ரசாயனத்தில் முக்கிச் செதிலை அழித்துவிட்டு, மேலே சிலிக்கான் பூசி விற்பார்கள். கடையில் பளபளக்கும். சில வாரக் கழுவலில் பூச்சு போனதும் சிக்கு ஆரம்பம்.

வாங்கும்போது ஒரு கற்றையை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் விரலால் உருவிப் பாருங்கள். திசைக்குத் திசை வித்தியாசம் தெரிந்தால் செதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணாடியாக வழுக்கினால் பூச்சு என்று சந்தேகப்படலாம். கொஞ்சம் ஷாம்பு போட்டுக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள்.

17. ஈர் செத்துதா உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?

பேன் முட்டை வைப்பது தலைத்தோலை ஒட்டிச் சில மி.மீ.க்குள், பொரிய 7 முதல் 10 நாள். 3-இல் சொன்ன வேகத்தில் முடி வளர்வதால், தோலிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி இருக்கும் ஈர் ஒரு மாதத்துக்கு மேல் பழையது, காலிக் கூடுதான். முடியோடு சிமென்ட் வைத்ததுபோல் ஒட்டியிருப்பதால் கழுவினால் போகாது. கண்டிஷனர் தடவி நெருக்கப்பல் பேன் சீப்பால் வேரிலிருந்து வாருங்கள்.

18. சலூன் முடி வயலுக்கு உரமாகுமா? பாத்ரூம் குழாயில அடைச்சது ஏன் ஆசிட் ஊத்தினாலும் போக மாட்டேங்குது?

இரண்டுக்கும் காரணம் கந்தகப் பிணைப்பு. அது இருக்கும்வரை கிருமிகளும் முடியை லேசில் தின்ன முடியாது, கழிப்பறை ஆசிட்டும் கரைக்காது. காரத்துக்குத்தான் கரையும், அடைப்பு நீக்கும் பொடிகளில் காஸ்டிக் சோடா இருப்பது அதனால். ஆசிட் ஊற்றிய குழாயில் காஸ்டிக்கைப் போடாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். வளைந்த கம்பியால் முடியை இழுத்து எடுப்பதே மேல்.

முடியில் சுமார் 15 சதவீதம் நைட்ரஜன் உண்டு, ஆனால் மண்ணில் மக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இந்தப் போகத்து நெல்லுக்கு அதனால் பயனில்லை. சேற்றில் மிதந்து நாற்றிலும் சுற்றிக்கொள்ளும். தென்னை, வாழைக்குச் சுற்றுக்குழி எடுத்து, மெல்லியதாகப் பரப்பி, சாணமும் மண்ணும் மூடினால் மெதுவாகக் கொடுக்கும். குவியலாகப் போட்டால் தண்ணீர் இறங்காத மெத்தையாகிவிடும். காட்டுப்பன்றி வராமலிருக்க வரப்பில் தூவுபவர்களும் இருக்கிறார்கள். மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டியிருக்கும். மாடு மேயும் வரப்பில் மட்டும் வேண்டாம்: புல்லோடு உள்ளே போன முடி வயிற்றில் செரிக்காமல் உருண்டையாகத் தங்கிவிடும்.